மாத்திரையோ, ஊசியோ?

(அம்மையார்குப்பத்தில் நடந்த மாதக் கூட்டத்திற் பேசியது)



இழை அறுந்ததென்று தறியை உடைப்பார் நம்மூரில் இலர்; முடிந்து மேலே நெய்வர். சித்தம் கலங்கினோரையும் அங்ஙனமே பேணல் வேண்டும். 2001-ஆம் ஆண்டில் ஏர்வாடியில் நோயாளிகள் 28 பேர் தீயில் மாண்டனர். சங்கிலி அவர்களை ஓடவிடவில்லை. 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் சங்கிலியை விலக்கிற்று.

இந்நோய்க்கு நாடோறும் உண்ணும் மாத்திரை உண்டு. சில வாரங்களுக்கு ஒருமுறை தசையில் இடும் ஊசியும் உண்டு. புளூபெனசின் டெக்கனோயேட் என்னும் ஊசிமருந்து எண்ணெயிற் கரைந்திருப்பதால் சிறிது சிறிதாகவே இரத்தத்திற் சேரும்.

“மாத்திரை விழுங்கினாயா என்னும் நாடோறுங் கேள்வி ஒழிந்தது” என ஊசியை விரும்புவார் உளர். “உடலிற் புகுந்ததை மீட்டல் இயலாதே, கை நடுங்கின் என் செய்வேன்?” என அஞ்சுவாரும் உளர். இருசாரார் சொல்லும் மெய்யே.

என்னிடம் பயின்ற ஒருவனுக்குத் தாயார் மாத்திரையைச் சோற்றில் மறைத்து ஊட்டினார். அதனை அறிந்த நாள் முதல் அவன் தாய் கைச்சோற்றையே ஐயுற்றான். “ஊசி போடுவிப்பேன்” என்று மிரட்டுவதும் இதனினும் நன்றன்று, மருந்து தண்டனையாய்விடும்.

தெளிந்திருக்கும்போதே தமக்கு வேண்டும் சிகிச்சையை எழுதிவைக்கும் உரிமையையும் அச்சட்டம் அளித்துளது. ஆதலின், தெளிந்த நாளில் அருகமர்ந்து, “தம்பி, உனக்கு எது இசைவு?” என்று கேளுங்கள், மருத்துவரிடம் உடன் செல்லுங்கள். மறையாது கொடுத்த மருந்தே நிலைத்து உண்ணப்படும்.