நெட் போச்சுன்னா முதல்ல எங்க பார்க்கணும்?

(இரும்பை கூட்டமைப்புக் கூட்டத்தில் ஓர் உறுப்பினரின் மகள் பேசியது)



நான் கம்ப்யூட்டர் நெட்வொர்க் பார்த்துக்கொள்ளும் வேலை செய்கிறேன். "டைப் அடிக்கிற வேலையாம்மா?"ன்னு ஊர்ல கேக்கிறாங்க. இல்லை. ஒரு ஆபீசில் உள்ள கம்ப்யூட்டர்கள் ஒன்றோடொன்று தகவல் அனுப்பிக்கொள்ளும். அது நிற்காமல் பார்த்துக்கொள்வதுதான் என் வேலை.

சேர்ந்த புதுசுல ஒருநாள் பில் போடுற இடத்தில் எல்லாம் நின்றுபோச்சு. வரிசையில் கூட்டம். "நெட் போச்சு, கம்பெனிக்குப் போன் போடு"ன்னு ஒரே சத்தம். முதலில் கேபிளைப் பார்த்தேன், நல்லா இருந்தது. பக்கத்து கம்ப்யூட்டரும் வேலை செய்யலை. அப்போ கோளாறு, எல்லா கேபிளும் வந்து சேருகிற சுவிட்ச் பெட்டியில்தான். போய்ப் பார்த்தால் அதில் விளக்கே எரியலை. யாரோ செல்போன் சார்ஜ் போட அதோட பிளக்கைப் பிடுங்கி வச்சிருக்காங்க! சிரிக்காதீங்க, பாதி நாள் இதுதான் நடக்கும்.

கிட்டத்திலிருந்து தொடங்கி ஒவ்வொரு படியாகத் தேடுவதுதான் இந்த வேலைக்கு முதல் திறமை. மோட்டார் ஓடியும் குழாயில தண்ணி வரலைன்னா நீங்க தேடுவீங்களே, அதே புத்தி. மற்றதெல்லாம் பழகப் பழக வரும். கேபிளுக்குள் 8 கம்பி, நிற வரிசை மாறாமல் முனையில் அழுத்தணும். 100 மீட்டருக்கு மேல் ஒரே கேபிளாக இழுக்கக் கூடாது. ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் ஐ.பி. முகவரி உண்டு, வீட்டுக்குக் கதவு எண் மாதிரி. பேக்கப் எடுத்தால் மட்டும் போதாது, திறக்குதான்னு பார்க்கணும். செய்ததையெல்லாம் நம்ம தீர்மான நோட்டு மாதிரி எழுதி வைக்கணும். திரையில் வருகிற ஆங்கிலத்தைப் படித்துப் புரிஞ்சுக்கணும். எனக்கு அதுதான் கஷ்டமாக இருந்தது.

பொண்ணுங்களுக்கு இது ஆகுமான்னு கேட்கிறவங்களுக்கு ஒன்று. 1998இல் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் புதுச்சேரிப் பக்கம் கிராமத் தகவல் மையங்களைத் தொடங்கியது. வில்லியனூரில் தலைமை மையம். எம்பலத்தில் கோயிலிலேயே கம்ப்யூட்டர் வைத்து ஊர்ப் பெண்கள் நடத்தினார்கள். போன் லைன் சரியில்லாத காலம், தகவல் ரேடியோ வழியாகப் போனது. கரண்டுக்குத் துணையாக சோலார். வீராம்பட்டினத்தில் அமெரிக்கக் கடற்படை இணையதளத்திலிருந்து அலை உயரத்தை எடுத்து, மீனவர்களுக்கு ஒலிபெருக்கியில் சொன்னார்கள். செல்போனே அபூர்வமாக இருந்த நாளில்!

பத்தாவது முடித்தால் ஐ.டி.ஐ.யில் கம்ப்யூட்டர் ஹார்டுவேர், நெட்வொர்க் பராமரிப்புப் பிரிவு இருக்கு. எல்லா ஐ.டி.ஐ.யிலும் இருக்காது, விசாரிச்சுட்டுச் சேருங்க. அரசுப் பள்ளியில் படித்த பொண்ணுங்களுக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் ஐ.டி.ஐ. படிப்புக்கும் உண்டு.

ராத்திரி கூப்பிடுவாங்களான்னா, சில நாள் கூப்பிடுவாங்க, மறைக்க மாட்டேன். போக வர வண்டி உண்டான்னு சேரும்போதே கேட்கணும், எழுத்தில் வாங்கணும். எங்கம்மா அதைக் கேட்டப்புறம்தான் என்னை அனுப்பினாங்க.

இன்னொன்று. காதுகுத்துக்குக் கடன் கேட்டால் குழுவில் உடனே தீர்மானம் எழுதுறோம். படிக்கிற பொண்ணுக்குப் பழைய லேப்டாப் வாங்கக் கேட்டால் "அடுத்த மாசம் பார்க்கலாம்"னு சொல்றோம். அம்மா கேட்டபோது மூணு கூட்டம் தள்ளிப்போச்சு. அதே நிலை இன்னொரு பிள்ளைக்கு இந்த மாசக் கூட்டத்தில் வர வேண்டாம்.

பையில் கேபிளும் கிரிம்பிங் டூலும் இருக்கு. சாப்பாடு முடிஞ்சதும் பிள்ளைங்களை அனுப்புங்க, கையில் கொடுத்துச் செய்யச் சொல்றேன்.