பட்டறையும் பள்ளியே
(சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

 

1929-இல் தோன்றிய அண்ணாமலைப் பல்கலைக்கழகம் சிதம்பரத்தில் இருக்கிறது. வடக்கே கடலூரில் தொழிற்சாலைகள். வடமேற்கே நெய்வேலியில் நிலக்கரிச் சுரங்கங்களும் அனல்மின் நிலையங்களும். கல்விக்கூடத்திற்கும் தொழிற்கூடத்திற்கும் இடையே ஓரிரு மணி நேரப் பேருந்து வழியே உள்ளது. ஆயினும், ஏட்டில் கற்றவன் பட்டறையில் கால்வைத்ததும் வேற்று நாட்டில் நிற்பவன்போல் விழிப்பது ஏன்?

கையேடு ஆங்கிலத்தில், எச்சரிக்கைப் பலகை ஆங்கிலத்தில். வழிகாட்ட வேண்டிய மூத்த தொழிலாளி தமிழில் எண்ணுகிறார். ஆனால், அரைகுறை ஆங்கிலச் சொற்களாலேயே கட்டளையிடுகிறார். கேட்டால் இழிவு என்று அஞ்சும் மாணவன், விளங்கியதுபோல் தலையசைக்கிறான். அந்தத் தலையசைப்பில்தான் இடர் ஒளிந்திருக்கிறது!

கொதிகலன் ஆங்கிலம் அறிந்தவன், அறியாதவன் என்று பார்ப்பதில்லை. 2020-ஆம் ஆண்டு மே, சூலைத் திங்கள்களில் நெய்வேலி இரண்டாம் அனல்மின் நிலையத்தில் கொதிகலன்கள் வெடித்துத் தொழிலாளர் பலர் மாண்டனர். அவற்றின் ஏது எதுவாயினும், நீராவியும் நெருப்பும் ஆளும் இடத்தில் ஒவ்வொரு சொல்லும் ஐயமற விளங்கியாக வேண்டும் என்பதை அத்துயரம் நினைவூட்டுகிறது.

1961-ஆம் ஆண்டின் தொழிற்பழகுநர் சட்டம், உரிய பயிற்சி தருவதையும், தகுதியுடைய ஒருவரை அதற்குப் பொறுப்பாக்குவதையும் தொழில் நடத்துவோர் கடமையாக்கியது. 1973-இல் செய்யப்பட்ட திருத்தம் பொறியியற் பட்டம், பட்டயம் பெற்றோரையும் அதன்கீழ்க் கொணர்ந்தது. எனவே, பழகவந்தவனைத் தேநீர் வாங்க ஏவுவதும், தாள் அடுக்க அமர்த்துவதும் பயிற்சியாகா. உதவித்தொகை கொடுத்துவிட்டதனால் கடமை தீர்ந்துவிடாது.

"தமிழில் தொழில் கற்பிக்க இயலுமா?" என்பார் இன்றும் உளர். அவர்கள் யாழ்ப்பாணத்து மானிப்பாயை எண்ணிப் பார்க்கட்டும். 1847-இல் ஈழம் வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் கிரீன், 1860-களில் மேலை மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தார். மாணவர்கள் நோயாளியின் அருகில் நின்று தொழில் பழகினர். ஆங்கில மருத்துவ நூல்களைத் தமிழாக்கும் பணியிலும் துணைநின்றனர். அயல்நாட்டார் ஒருவர் தமிழ் கற்று, உடலை அறுத்து ஆறச்செய்யும் அரிய கலையையே தமிழில் பயிற்றினார். அரமும் உளியும் திருப்புளியும் தமிழில் பேசமாட்டா என்பது எத்துணைப் பேதைமை!

மூத்தோர் செய்யவேண்டியவை மூன்று. முதலில் தாம் செய்து காட்டுக. அடுத்து, மாணவனைச் செய்யவிட்டு அருகில் நிற்க. பின்னர், செய்ததை அவன்றன் சொந்தச் சொற்களால் சொல்லச் செய்க. தன் மொழியில் திருப்பிச் சொல்ல முடிந்தவனுக்கே தொழில் விளங்கியது. முடியாதவனுக்கு மீண்டும் கற்பிக்க வேண்டும். பிழையைக் கடிவதினும், அது தோன்றிய இடத்தைக் காட்டுவதே ஆசான் கடன்.

இளந்தோழர்களே! ஆங்கிலக் கையேட்டையும் கற்றுக்கொள்ளுங்கள், அதற்கு அடிமையாகாதீர்கள். ஒவ்வொரு கருவிக்கும் பட்டறையில் வழங்கும் தமிழ்ப்பெயரைக் குறிப்பேட்டில் எழுதுங்கள். விளங்காததை "விளங்கவில்லை" என்று நிமிர்ந்து சொல்லுங்கள். அந்த ஒரு சொல் ஓருயிரைக் காக்கலாம்.

நாளை உங்களிடமும் ஓர் இளைஞன் பழக வருவான். அவனுக்குத் தமிழில் சொல்லிக்கொடுங்கள்!