அந்தியோகியாவுக்கு வந்த கடிதம்

கிறிஸ்து சமயத்தை முதன்முதலில் பின்பற்றியவர்கள் யூதர்களே. இயேசுவும் யூதர், அவருடைய சீடர்களும் யூதர்கள். யூதரல்லாத மக்கள் அந்தச் சபையில் சேரத் தொடங்கியபோது எழுந்த ஒரு வழக்கைப் பற்றி இன்று பேசுவோம்.

ரோமப் பேரரசின் சிரியா மாநிலத்தில் அந்தியோகியா என்ற பெருநகரம் இருந்தது. அங்கே கிரேக்கர் பலர் சபையில் சேர்ந்திருந்தார்கள். பவுலும் பர்னபாவும் அவர்களுக்குப் போதித்து வந்தார்கள். அந்நேரத்தில் யூதேயாவிலிருந்து சிலர் வந்து, மோசேயின் சட்டப்படி விருத்தசேதனம் செய்துகொள்ளாதவருக்கு மீட்பே கிடையாது என்று சொன்னார்கள். சபை கலங்கிப் போயிற்று. மயக்க மருந்து இல்லாத காலத்தில், வளர்ந்த ஆண்மகனுக்கு அது எளிய காரியமா? வலியைவிடப் பெரிய கேள்வியும் அதில் இருந்தது. யூதராக மாறாத வரையில் நாம் இந்தச் சபையில் அரைகுறை ஆட்கள்தானா?

வழக்கு எருசலேமுக்குப் போனது. கி.பி. 49 ஆம் ஆண்டையொட்டி மூத்தவர்கள் கூடி நெடுநேரம் விவாதித்தார்கள். நம் முன்னோரும் நாமும் சுமக்க முடியாத நுகத்தை இவர்கள் கழுத்தில் ஏன் வைக்க வேண்டும் என்று பேதுரு கேட்டார். இயேசுவின் சகோதரரும் எருசலேம் சபையின் தலைவருமான யாக்கோபு முடிவைச் சொன்னார். விருத்தசேதனம் வேண்டியதில்லை, சிலைகளுக்குப் படைத்தது, இரத்தம், நெரித்துக் கொன்ற பிராணியின் இறைச்சி, ஒழுக்கக்கேடு ஆகிய நான்கையும் விலக்கினால் போதும். இதைக் கடிதமாக எழுதி, யூதா, சீலா என்ற இருவரையும் உடன் அனுப்பினார்கள். கடிதத்தோடு ஆளையும் அனுப்பியது நல்ல யோசனை என்றே நமக்குத் தோன்றுகிறது. சந்தேகம் வந்தால் காகிதம் பதில் சொல்லாதல்லவா!

நான்கில் மூன்று உணவைப் பற்றியவை என்பதைக் கவனித்தீர்களா? யூதரும் மற்றவரும் ஒரே பந்தியில் உட்கார வேண்டுமானால், யூதர் அருவருக்கும் பண்டம் அங்கே இருக்கக்கூடாது. சிக்கல் பந்தியில்தான் இருந்தது. பேதுருவே அந்தியோகியாவில் யூதரல்லாதாரோடு சேர்ந்து சாப்பிட்டு வந்தவர். யாக்கோபிடமிருந்து சிலர் வந்ததும், அவர்களுக்குப் பயந்து தனியே ஒதுங்கிக்கொண்டார். பர்னபாவும் அவரோடு ஒதுங்கினார். பவுல் பொறுக்கவில்லை, எல்லார் முன்னிலையிலும் பேதுருவைக் கண்டித்தார். இது எருசலேம் கூட்டத்துக்கு முன்பா, பின்பா என்பதில் அறிஞர்கள் ஒருமித்த கருத்துக் கொள்ளவில்லை. எப்போது நடந்திருந்தாலும், பந்தியை விட்டு எழுந்தவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தவர்கள் என்ன பாடுபட்டிருப்பார்கள்!

கிரேக்க நாட்டுக் கொரிந்து நகரில் இதே சிக்கல் வேறு உருவில் வந்தது. கோயிலில் பலியிட்ட இறைச்சி அங்கே கடைத்தெருவிலும் விலைக்கு வரும். வாங்கலாமா? பவுல் கி.பி. 55 ஆம் ஆண்டையொட்டி அவர்களுக்கு எழுதினார். கடையில் விற்பதைக் கேள்வி கேட்காமல் வாங்கி உண்ணலாம். ஆனால் விருந்தில் ஒருவர், இது படைத்தது என்று சொன்னால், அவர் மனம் நோகாதபடி விட்டுவிடுங்கள் என்றார். தாம் உண்பதால் ஒரு சகோதரன் இடறுவானானால், தாம் இறைச்சியையே தொடுவதில்லை என்றும் அதே கடிதத்தில் எழுதியிருக்கிறார்.