மென்வாயும் நம் கையும்

இலக்கியக் கூட்டத்தில் நாயைப் பற்றிப் பேச அழைத்த அமைப்பாளர்களுக்கு நன்றி. கோல்டன் ரெட்ரீவர் வளர்ப்பது எப்படி என்று தலைப்புக் கொடுத்தார்கள். எப்படி என்பதற்கு முன்னால், இந்த நாயை எதற்காக உருவாக்கினார்கள் என்று கேட்டுவிடுவது நல்லது. அது தெரிந்தால் பயிற்சியில் பாதி முடிந்த மாதிரி.

ஸ்காட்லாந்து மலைநாட்டில் கூஷகன் என்றொரு பண்ணை. அதன் உரிமையாளர் டட்லி மார்ச்பேங்க்ஸ், பின்னாளில் ட்வீட்மவுத் பிரபு. 1865இல் நவுஸ் என்ற மஞ்சள் நிற ரெட்ரீவரை வாங்கினார். 1868இல் அதை ட்வீட் வாட்டர் ஸ்பானியல் வகையைச் சேர்ந்த பெல் என்ற பெட்டையோடு சேர்த்தார். நான்கு மஞ்சள் குட்டிகள் பிறந்தன. மூன்றுக்குப் பூக்களின் பெயர் வைத்தார்கள்: குரோக்கஸ், கவ்ஸ்லிப், பிரிம்ரோஸ். நான்காவது ஏடா. ரஷ்ய சர்க்கஸ் நாய்களிலிருந்து வந்த இனம் என்று ரொம்ப நாள் ஒரு கதை ஓடிக்கொண்டிருந்தது. பிரபுவின் பதிவேட்டு விவரங்கள் 1952இல் அச்சில் வந்த பிறகுதான் அது அடங்கியது.

துப்பாக்கிகள் மேம்பட்டு, சுட்ட பறவைகள் தூரத்தில், தண்ணீரிலும் சேற்றிலும் போய் விழத் தொடங்கிய காலம் அது. நீந்திப் போய் எடுக்க வேண்டும், சதை கிழியாமல் கொண்டுவந்து எஜமானின் கையில் கொடுக்க வேண்டும். அதற்காகவே தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுக்கப்பட்டது இந்த வாய். வேட்டைக்காரர்கள் இதை மென்வாய் என்ற பொருளில்தான் சொல்வார்கள்.

இப்போது அந்த வாய் நம் வீட்டுக்குள் வருகிறது. செருப்பு, சாக்ஸ், ரிமோட், அம்மாவின் ஜெபமாலை, எதையாவது கவ்விக்கொண்டு வாலை ஆட்டி நிற்கும். நம் ஆட்களுக்கு எச்சில் என்றாலே ஒரு நடுக்கம் உண்டு. "ஐயோ, எச்சில் பண்ணிட்டுது!" என்று கத்திக்கொண்டு துரத்துவோம், பிடித்ததும் வாயைப் பிளந்து பிடுங்குவோம். குட்டி இதிலிருந்து இரண்டு பாடம் படிக்கும். பொருளை எடுத்தால் வீடே தன்னோடு விளையாடும் என்பது ஒன்று. மனிதக் கை வந்தால் பொருள் போய்விடும், ஆகவே சீக்கிரம் விழுங்கிவிட வேண்டும் என்பது மற்றது. சாக்ஸ் குடலில் அடைத்து அறுவை சிகிச்சைக்குப் போகும் நாய்கள் நிறைய.

அடியாத மாடு படியாது என்று நமக்கு ஒரு பழமொழி இருக்கிறது. மாட்டுக்கே அது பொருந்துமா என்று எனக்குச் சந்தேகம். கொண்டுவந்து கையில் கொடுப்பதற்காகவே பிறந்த நாயை அந்தக் கையால் அடிப்பதைப் போன்ற முட்டாள்தனம் வேறில்லை. அது கொடுக்க வரும்போது வாங்கிக்கொள்ளுங்கள், பண்டமாற்றாக. வேகவைத்த கோழியில் சுண்டுவிரல் நகமளவு துண்டை மூக்கருகே காட்டுங்கள். வாய் திறக்கும் நேரத்தில் "கொடு" என்ற ஒரே சொல், உடனே துண்டு. ஆபத்தில்லாத பொருளானால் அதையும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். கொடுத்தால் நட்டமில்லை என்று அதற்குப் புரிய வேண்டும். பரிசு ஒன்றிரண்டு நொடிக்குள் போய்ச் சேர வேண்டும். குளிர்பதனப் பெட்டியைத் திறந்து தேடி எடுத்து வருவதற்குள் குட்டி நாலு வேலை செய்து முடித்திருக்கும். எதற்கான பரிசு என்று அதற்குத் தெரியாது.

கடிக்கிறதே என்கிறீர்கள். குட்டிக்கு 28 பாற்பற்கள், அத்தனையும் ஊசி. நாலு மாதம் தொடங்கி ஏழு மாதத்துக்குள் அவை விழுந்து 42 பற்கள் முளைக்கும். அதுவரை கையை விளையாட்டுப் பொருளாக்காதீர்கள். கடிக்க ஒரு பொம்மை கொடுங்கள், மிஞ்சிப் போனால் எழுந்து போய்விடுங்கள். மூத்திரப் பழக்கத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. தூங்கி எழுந்ததும், சாப்பிட்டதும், விளையாடியதும் வெளியே கூட்டிப் போங்கள். மழையானாலும் நீங்களும் கூட நில்லுங்கள்.

குட்டிக்கு மூன்றாவது வாரத்திலிருந்து ஏறத்தாழ பதினாலாவது வாரம் வரை உலகத்தைப் பழகும் பருவம். நம் வீட்டுக்கு வரும்போது எட்டு வாரம் ஆகியிருக்கும். ஆகக் கையில் இருப்பது ஆறு வாரம். தடுப்பூசி முடியவில்லை என்று வீட்டிலேயே பூட்டி வைத்தால் அந்த ஆறும் போய்விடும். தூக்கிக்கொண்டு வெளியே போங்கள், தரையில் விடாதீர்கள். நம் வீட்டுச் சத்தங்களும் அதற்குப் பழக வேண்டும்: குக்கர் விசில், மிக்ஸி, தரையில் இழுபடும் சேலை முந்தானை, ஊரிலிருந்து வந்து நாயைக் கண்டதும் நாற்காலியில் ஏறிக்கொள்ளும் பெரியம்மா.

இனி நான் முக்கியமாகச் சொல்ல வந்தது. உட்கார், கை கொடு என்று வித்தை கற்றுக்கொடுக்கிறோம். தொட விடுவதற்குக் கற்றுக்கொடுப்பதில்லை. கோல்டனுக்கு மடிந்து தொங்கும் காது, தண்ணீரில் குதிக்கும் ஆசை வேறு. காதில் ஈரம் தங்கும், கிருமி சேரும், நாற்றம் வரும். அந்த வலியோடு இருக்கும் காதை முதன்முறையாக ஒரு அந்நியர் பிடித்தால் எந்த நாய்தான் பொறுக்கும்? கடைசியில் மூன்று பேர் அமுக்கிப் பிடித்து, வாய்க்கூடு மாட்டி மருந்து விடுவார்கள். நினைவு தப்பிய முதியவர்களை அப்படி அமுக்கிப் பிடிப்பதை வேலையிடத்தில் பார்த்திருக்கிறேன். அடுத்த முறை நாம் தட்டோடு வாசலில் நின்றாலே அவர்கள் உடம்பு விறைத்துக்கொள்ளும்.

ஆகவே நோயில்லாத நாளிலேயே தொடங்குங்கள். மடித்த துண்டின் மேல் தாடையை வைக்கப் பழக்குங்கள். தாடை அங்கே இருக்கும்வரை காதை ஒரு நொடி தொடலாம், பிறகு துண்டுக் கோழி. தலையைத் தூக்கினால் உங்கள் கையும் நிற்க வேண்டும், கோபமில்லாமல். நிறுத்தும் உரிமை தன்னிடம் இருக்கிறது என்று தெரிந்த நாய் மறுபடியும் தானாகத் தாடையை வைக்கும். ஒரு நொடி மூன்றாகும், மூன்று பத்தாகும். பிறகு பாதம், நகம், உதடு, வயிறு. வாரம் ஒருமுறை முழு உடம்பையும் விரலால் தடவிக் கட்டி ஏதும் இருக்கிறதா என்று பாருங்கள். இந்த இனத்துக்குப் புற்றுநோய் அதிகம். அமெரிக்காவில் மோரிஸ் விலங்கு அறக்கட்டளை 2012இல் தொடங்கிய ஆய்வில் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட கோல்டன்களைச் சேர்த்து வாழ்நாள் முழுக்கக் கவனித்து வருவது அதற்காகத்தான்.

விவிலியத்தில் நாய்க்கு நல்ல பெயர் அதிகமில்லை. தோபித்து நூலில் தோபியாவும் வானதூதரும் புறப்படும்போது நாயும் கூடவே போகிறது, ஏன் என்று யாரும் கேட்பதில்லை. லூக்காவில் ஏழை லாசரின் புண்களை நாய்கள் நக்குகின்றன. நர்ஸ் என்ற முறையில் அதை நான் அனுமதிக்க மாட்டேன். ஆனால் அந்தக் கதையில் அவனைத் தொட வந்தது அவை மட்டும்தான்.

சமையலறைக்கு வருவோம். மிஞ்சிய குழம்புச் சோறு வேண்டவே வேண்டாம். வெங்காயமும் பூண்டும் நாயின் இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும், வெந்திருந்தாலும்தான். திராட்சையும் பாயசத்து உலர்திராட்சையும் சிறுநீரகத்தைக் கெடுக்கலாம். சர்க்கரையில்லாச் சூயிங்கத்தில் இருக்கும் சைலிட்டால் நாயின் இரத்தச் சர்க்கரையைச் சட்டென்று இறக்கிவிடும். சாக்லேட் உங்களுக்கே தெரியும். நம் மாத்திரைகளையும் கொடுக்காதீர்கள். ஐபுப்ரோஃபென் வயிற்றில் புண்ணாக்கி, சிறுநீரகத்தையும் கெடுக்கும். 38.5 டிகிரி நமக்குக் காய்ச்சல், நாய்க்கு இயல்பு. வெயில் என்று முடியை மழிப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை: அது இரட்டை அடுக்கு ரோமம், சீவினால் போதும்.

கடைசியாக ஈறு. தாடை வைக்கப் பழகிய நாயின் உதட்டைத் தூக்கிப் பார்ப்பது எளிது. இளஞ்சிவப்பாக இருக்கும். விரலால் அழுத்தி எடுத்தால் வெளுத்து, இரண்டு நொடிக்குள் நிறம் திரும்பும். சுகமாக இருக்கும் நாளில் பத்து முறை பார்த்து அந்த நிறத்தை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். வயதான கோல்டன் திடீரென்று சோர்ந்து படுத்து, ஈறு வெளிறியிருந்தால் மண்ணீரல் கட்டி வெடித்து உள்ளே இரத்தம் கசிந்துகொண்டிருக்கலாம். விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். அந்த நேரத்திலேயே கால்நடை மருத்துவரை அழையுங்கள், இரவு எண்ணை இன்றைக்கே பேசியில் பதிந்து வையுங்கள்.

கேள்விகளுக்கு வருவோம். அரட்டைப் பெட்டியில் ஏற்கெனவே ஒரு வரிசை நிற்கிறது.