எஞ்சினின் சூடு சொல்லும் சென்சார்

(பெங்களூரில் தமிழ் ஓட்டுநர்களிடம் ஒரு மெக்கானிக் பேசிய பேச்சு)



இங்கே வந்திருப்பவர்களில் பலர் டாக்சி ஓட்டுகிறீர்கள். சிலருக்குச் சொந்த வண்டி. சிலருக்கு முதலாளி வண்டி. யாருடைய வண்டியானாலும் அது நின்றுவிட்டால் அன்றைய வருமானம் போச்சு. அதனால் இன்று ஒரே ஒரு சின்னச் சாமானைப் பற்றிப் பேசுகிறேன். கட்டைவிரல் அளவுதான் இருக்கும். அதன் பெயர் கூலன்ட் சென்சார். எஞ்சினின் சூடு எவ்வளவு என்று சொல்வது இதுதான்.

பழைய அம்பாசடர் கார் உங்களுக்கு நினைவிருக்கும். அதில் கார்புரேட்டர் இருந்தது. காலையில் எஞ்சின் குளிர்ந்து கிடக்கும். அப்போது பெட்ரோல் கொஞ்சம் கூடுதலாக வேண்டும். அதற்காக ஓட்டுநர் சோக்கை இழுப்பார். எஞ்சின் சூடானதும் உள்ளே தள்ளிவிடுவார்.

இன்றைய பெட்ரோல் கார்களில் நீங்கள் சோக் இழுப்பதில்லை. 2020 ஏப்ரல் 1 முதல் நாடு முழுவதும் பி.எஸ். 6 விதி வந்துவிட்டது. புகையில் நஞ்சு குறைய வேண்டும். அதற்குப் பெட்ரோல் அளந்து போக வேண்டும். அளந்து விடுவது வண்டிக்குள் இருக்கும் சிறு கணினி. பட்டறையில் அதை ஈ.சி.எம். என்போம்.

அந்தக் கணினியால் எஞ்சினைத் தொட்டுப் பார்க்க முடியுமா? முடியாது. சென்சார் சொல்வதைத்தான் அது நம்பும். சென்சார் பொய் சொன்னால் கணினியும் ஏமாறும்.

எஞ்சின் சூடாக இருக்கும்போது "குளிர்" என்று சொன்னால் என்ன ஆகும்? கணினி பெட்ரோலை அதிகமாக விடும். கறுப்புப் புகை வரும். மைலேஜ் குறையும். இது பணநஷ்டம் மட்டும்தான். இதைவிட மோசமானது ஒன்று உண்டு. பல வண்டிகளில் இந்தச் சென்சார் சொன்னால்தான் ரேடியேட்டர் ஃபேன் ஓடும். சூட்டைக் காட்டும் முள்ளும் இதைப் பார்த்தே நகரும். சென்சார் சூட்டைக் குறைத்துச் சொன்னால் ஃபேன் ஓடாது. முள்ளும் ஏறாது. எஞ்சின் உள்ளே கொதிக்கும். ஹெட் கேஸ்கட் போய்விடும். சில நூறு ரூபாய்ச் சாமான் பல ஆயிரம் ரூபாய்ச் செலவை இழுத்துவிடும்.

எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது "சூடு" என்று சொன்னால், காலையில் வண்டி சுலபமாகக் கிளம்பாது. பெங்களூரில் டிசம்பர் மாதக் காலையில் இந்தத் தொல்லை நன்றாகத் தெரியும். செல்ஃப் அடித்து அடித்துப் பேட்டரிதான் இறங்கும்.

கோளாறு வந்தால் பெரும்பாலும் டாஷ்போர்டில் எஞ்சின் படம் போட்ட மஞ்சள் விளக்கு எரியும். மெக்கானிக் ஸ்டியரிங்கின் கீழே உள்ள ஓட்டையில் ஸ்கேனரைச் செருகுவார். அதில் ஒரு குறி வரும். ஆங்கில எழுத்து பி, அதன்பின் நான்கு எண்கள். அந்தக் குறியை உங்கள் நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். பத்திரமாக வைத்திருங்கள். வேறு பட்டறைக்குப் போனாலும் உதவும்.

பி 0118 என்று வந்தது என்று வைத்துக்கொள்வோம். "சென்சாரை மாற்று" என்று இதற்குப் பொருளா? இல்லை. சென்சாரிலிருந்து கணினி வரை உள்ள வழியில் எங்கோ மின்சாரம் அறுந்திருக்கிறது என்பதே பொருள். சென்சார் உள்ளே அறுந்திருக்கலாம். வயர் அறுந்திருக்கலாம். கப்ளர் கழன்றிருக்கலாம். பி 0117 என்றால் அந்த வழியில் எங்கோ ஷார்ட் ஆகியிருக்கிறது.

என் பட்டறைக்கு ஒரு டாக்சி வந்தது. அதற்கு முன்பே வேறு இடத்தில் இரண்டு முறை சென்சார் மாற்றியிருந்தார்கள். விளக்கு மட்டும் அணையவில்லை. பேட்டரிக்குக் கீழே வயரை எலி கடித்திருந்தது. வயரை ஒட்டவைக்க அரை மணி நேரம் ஆனது. சென்சார் வாங்கிய பணம் வீண்தானே?

அதனால் முதலில் கப்ளரைப் பாருங்கள். உள்ளே பச்சை பூத்திருக்கிறதா? பின் வளைந்திருக்கிறதா? வயர் நைந்திருக்கிறதா?

இன்னொரு சுலபமான சோதனை. இரவு முழுவதும் நின்ற வண்டியைக் காலையில் ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மட்டும் ஆன் செய்யுங்கள். ஸ்கேனரில் கூலன்ட் சூடும் காற்றின் சூடும் தெரியும். இரண்டும் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும். காற்று 20 டிகிரி, கூலன்ட் 60 டிகிரி என்றால் ஏதோ ஒன்று பொய் சொல்கிறது.

இப்போது கப்ளரைக் கழற்றுங்கள். ஸ்கேனரில் கூலன்ட் சூடு பூஜ்யத்துக்குக் கீழே 40 டிகிரி அளவுக்கு இறங்கும். பெங்களூரில் அப்படி ஒரு குளிர் உண்டா? வழி அறுந்தால் கணினிக்கு அப்படித்தான் தெரியும். சென்சாருக்கு இரண்டே வயர் என்றால், கப்ளரின் இரண்டு பின்னையும் சிறு வயரால் இணையுங்கள். இப்போது 120 டிகிரிக்கு மேல் ஏறும். இப்படி இறங்கி ஏறினால் வயரும் கணினியும் நலம். கோளாறு சென்சாரில்தான். எண் அசையவே இல்லை என்றால் வயரைத் தேடுங்கள். மூன்று வயர் உள்ள வண்டியில் இதைச் செய்யாதீர்கள். விவரம் தெரிந்தவரிடம் விடுங்கள்.

மல்டிமீட்டர் இருந்தால் சென்சாரையே அளக்கலாம். மின்சாரத்தைத் தடுக்கும் குணத்துக்கு மின்தடை என்று பெயர். அதை ஓம் கணக்கில் அளக்கிறோம். பல வண்டிகளில் 20 டிகிரியில் சுமார் 2,500 ஓம் இருக்கும். 80 டிகிரியில் சுமார் 300 ஓம். சூடு ஏற ஏற ஓம் குறைய வேண்டும். வெந்நீரில் சென்சாரின் நுனியை வைத்தும் பார்க்கலாம்.

சரி, சென்சார்தான் கெட்டது. மாற்ற வேண்டும். இங்கேதான் அவசரம் கூடாது.

எஞ்சின் முழுவதும் ஆறட்டும். சூடான ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது. உள்ளே அழுத்தம் இருக்கிறது. அதனால் 100 டிகிரி தாண்டியும் தண்ணீர் கொதிக்காமல் நிற்கும். மூடியைத் திறந்ததும் பொங்கி அடிக்கும். முகமும் கையும் வெந்துபோகும். சென்சாரைக் கழற்றினாலும் அதே ஆபத்துதான். பயணி அவசரப்படுத்தினாலும், முதலாளி திட்டினாலும், காத்திருங்கள்.

ஆறிய பிறகு மூடியைத் திறந்து மூடுங்கள். அழுத்தம் போய்விடும். பேட்டரியின் மைனஸ் வயரைக் கழற்றுங்கள். கப்ளரின் பூட்டை அழுத்திக் கழற்றுங்கள். வயரைப் பிடித்து இழுக்காதீர்கள். புதிய சென்சாரைக் கையில் வைத்துக்கொண்டு பழையதைக் கழற்றுங்கள். கூலன்ட் அதிகம் கொட்டாது. பழைய வாஷரை மறுபடி போடாதீர்கள். பலம் காட்டி இறுக்காதீர்கள். சென்சார் உட்காரும் இடம் அலுமினியம் அல்லது பிளாஸ்டிக். மரை போய்விடும்.

கடைக்குப் போகும்போது பழைய சென்சாரில் உள்ள எண்ணை எழுதிக்கொண்டு போங்கள். ஒரே மாதிரி தெரியும் இரண்டு சென்சார்களின் ஓம் கணக்கு வேறாக இருக்கும்.

கொட்டிய கூலன்டைத் துடைத்துவிடுங்கள். அது விஷம். இனிப்பாக இருப்பதால் குழந்தையோ நாயோ நக்கிவிடும். தண்ணீர் பாட்டிலில் ஊற்றி வைக்கவே கூடாது.

கூலன்டை அளவுக்கு நிரப்புங்கள். பேட்டரியை இணையுங்கள். ஸ்கேனரில் பழைய குறியை அழிக்கச் சொல்லுங்கள். வண்டியை ஓடவிட்டு, ஃபேன் ஓடுகிறதா, ஓடிய பின் நிற்கிறதா என்று பாருங்கள். சென்சாரின் அடியில் கசிவு உண்டா என்று கை விளக்கு அடித்துப் பாருங்கள். மறுநாள் காலை, வண்டி நன்றாகக் குளிர்ந்த பிறகு, ஒருமுறை செல்ஃப் அடித்துப் பாருங்கள். வண்டி உடனே கிளம்பி, மஞ்சள் விளக்கும் அணைந்தால் சவாரிக்குப் போகலாம்.