பகடையும் பேரேடும்: இரண்டாம் வாசிப்பில் அமெரிக்க நாவல்கள்

இளமையில் ஒருமுறை படித்து முடித்த நாவலைப் பல்லாண்டுகள் கழித்து, குடும்பப் பொறுப்பும் கடன் சுமையும் கண்ட பிறகு மீண்டும் எடுத்துப் படிப்பதை இலக்கிய ஆய்வாளர்கள் மறுவாசிப்பு என்று குறிப்பிடுகின்றனர். சொல்தான் புதிது; விழுப்புரம், திண்டிவனம் வட்டாரத்துக்கு இந்த வழக்கம் புதிதன்று. இங்குள்ள திரௌபதி அம்மன் கோயில்களில் நடைபெறும் பாரத விழாவில், பகலில் பிரசங்கியார் மகாபாரதத்தைப் பாட்டும் உரையுமாக விரித்துச் சொல்ல, இரவில் அதே கதை தெருக்கூத்தாக விடிய விடிய ஆடப்படுகிறது. கதை ஊருக்கே தெரியும் என்பதால், அடுத்து என்ன நடக்கும் என்று அங்கே யாரும் கேட்பதில்லை. பத்து வயதில் பீமன் வரும்வரை பாயில் உறங்கிக் கிடந்தவர், நாற்பது வயதில் ‘பகடை துகில்’ கூத்தின்போது கண்ணிமைக்காமல் அமர்ந்து, நாட்டையும் தம்பியரையும் தன்னையும் அடுத்தடுத்துப் பணயம் வைக்கும் தருமனிடம், ஒரு கடனை அடைக்க மறு கடனுக்குக் கையெழுத்திடும் மனிதனைக் காண்கிறார். செஞ்சியை அடுத்த மேலச்சேரி திரௌபதி அம்மன் வழிபாட்டை ஆராய்ந்து 1988-இல் நூல் வெளியிட்ட ஆல்ஃப் ஹில்டெபைட்டல் ஓர் அமெரிக்கர் என்பது இங்கு நினைக்கத்தக்கது. அவர் இந்தக் கதையைக் கேட்க அமெரிக்காவிலிருந்து வந்தார். அவர் நாட்டுக் கதைகள் இங்கு வேறு வழியில் வந்து சேர்ந்தன.

அந்த வழி பெரும்பாலும் இளங்கலை ஆங்கில இலக்கியப் பாடத்திட்டம். பதினெட்டு, பத்தொன்பது வயதில், பலருக்கு நாவலுக்கு முன்பே அதன் ‘கைடு’ கைக்கு வந்துவிடுவதால், கதைச்சுருக்கமும் பாத்திரப் பண்பும் மனத்தில் நின்று நாவல் நழுவிப்போகிறது. அப்படி நழுவிப்போய், நடுவயதில் திரும்பி வருவனவற்றுள் முதலிடம் தரத்தக்கது ஜான் ஸ்டைன்பெக் 1939-இல் வெளியிட்ட ‘தி கிரேப்ஸ் ஆஃப் ராத்’. தொடர் வறட்சியாலும் புழுதிப் புயலாலும் கடனாலும் ஓக்லஹாமா மாநிலத்தில் குத்தகை நிலத்தை இழந்த ஜோடு குடும்பம், தட்டுமுட்டுச் சாமான்களை 18 டாலருக்கு விற்றுவிட்டு, பழைய கார் ஒன்றைச் சரக்கு வண்டியாக மாற்றிக்கொண்டு கலிபோர்னியாவுக்குப் பிழைப்புத் தேடிப் போவதே கதை. இளம் வாசகர் இதைப் பயணக் கதையாகப் படித்துச் செல்கிறார். சென்னை–திருச்சி நெடுஞ்சாலையின் இருபுறமும் மணிலாவும் நெல்லும் விளைந்த நிலங்கள் பிளாட் போடப்பட்டு, வண்ணமடித்த கற்கள் நடப்பட்டதைக் கண்டவர், குடும்பம் புறப்படுவதற்கு முன்புள்ள அத்தியாயங்களிலேயே நின்றுவிடுகிறார். அங்கே வீட்டை இடிக்க வரும் டிராக்டர் ஓட்டுநர் அந்நியன் அல்லன். அதே ஊர்க்காரரின் மகன், நாளுக்கு மூன்று டாலர் கூலிக்கு வந்தவன். அவனைச் சுட்டால் இன்னொருவன் வருவான்; அவனை அனுப்பியவருக்கு வங்கி உத்தரவிடுகிறது; அந்த வங்கிக்கும் எங்கோ கிழக்கிலிருந்து உத்தரவு வருகிறது. யாரைத்தான் சுடுவது என்று குத்தகைக்காரர் திகைக்கும் அந்தப் பக்கங்களுக்கு இணையாக, முகமற்ற அதிகாரத்தை இவ்வளவு எளிய பேச்சில் காட்டிய நாவல்கள் குறைவு.

நாவலின் இன்னோர் இடத்துக்கு இவ்வட்டாரத்தில் விளக்கவுரையே தேவையில்லை. 800 ஆட்கள் தேவைப்படும் தோட்டக்காரர் 5,000 துண்டறிக்கைகளை அச்சிடுகிறார். அவற்றை 20,000 பேர் பார்க்கிறார்கள். பசியோடு வந்து குவியும் கூட்டத்தைக் காட்டியே கூலி குறைக்கப்படுகிறது என்று, பிள்ளைகளைப் பறிகொடுத்துத் திரும்பும் ஒருவர் சொல்கிறார். கரும்பு வெட்டுக்கும் செங்கல் சூளைக்கும் ஆள் சேர்க்கும் மேஸ்திரி துண்டறிக்கை அச்சிடுவதில்லை; முன்பணம் தருகிறார். குடும்பமே சேர்ந்து ஆயிரம் கல்லுக்கு இவ்வளவு என்ற கணக்கில் கல் அறுத்தாலும், சாப்பாட்டுச் செலவும் மருத்துவச் செலவும் ஏறிக்கொண்டே போக, பேரேட்டில் முன்பணம் குறைவதில்லை. 1976-ஆம் ஆண்டின் கொத்தடிமைத் தொழிலாளர் முறை ஒழிப்புச் சட்டம் இதைத் தடைசெய்த பிறகும், சூளைகளிலிருந்தும் அரிசி ஆலைகளிலிருந்தும் இருளர் பழங்குடிக் குடும்பங்கள் மீட்கப்பட்டதாகச் செய்திகள் வருகின்றன. திண்டிவனத்தில் இருளர்களை அமைப்பாகத் திரட்டிய பிரபா கல்விமணி இயற்பியல் பேராசிரியர். இலக்கியம் கற்பித்தவர் அல்லர் என்பதை இலக்கியத் துறையினர் சற்றுக் கூச்சத்தோடு நினைத்துக்கொள்ளலாம்.

அந்தப் பேரேட்டை ஸ்டைன்பெக் ஒரு கடைக்காட்சியில் திறந்துகாட்டுகிறார். பீச் தோட்டத்தில் பெட்டிக்கு ஐந்து சென்ட் வீதம் குடும்பம் முழுவதும் பழம் பறித்துச் சேர்த்த ஒரு டாலருக்கான சீட்டோடு, தோட்ட நிறுவனத்தின் கடைக்குத் தாய் செல்கிறாள். வெளிச்சந்தையைவிட விலை கூடுதல். வேறு கடைக்குப் போகவோ தொலைவு அதிகம். இறைச்சி, ரொட்டி, உருளைக்கிழங்கு, காப்பித்தூள் வாங்கியதும் ஒரு டாலரும் தீர்ந்துவிடுகிறது. காப்பிக்குச் சர்க்கரை இல்லை. கடன் தர அனுமதியில்லாத கடைச் சிப்பந்தி, நெடுநேரத் தயக்கத்துக்குப் பின், தன் சட்டைப்பையிலிருந்து பத்து சென்ட்டை எடுத்துக் கல்லாவில் போடுகிறான். தேர்வில் எவரும் கேட்காத இந்தக் காட்சிதான், மளிகைக் கடையில் கணக்கு வைத்து வாழ்ந்தவரின் நினைவில் நாவலின் நடுப்பக்கமாக நிற்கிறது.

எல்லா நாவலும் இரண்டாம் வாசிப்பில் வளர்வதில்லை. ஹார்ப்பர் லீயின் ‘டு கில் எ மாக்கிங்பேர்ட்’ (1960) இளமையில், பொய்க் குற்றச்சாட்டுக்கு ஆளான டாம் ராபின்சன் என்ற கறுப்பினத்தவருக்காக வாதாடும் அட்டிகஸ் ஃபின்ச் என்ற வெள்ளை வழக்கறிஞரின் பெருமையாகத் தோன்றுகிறது. 1978 ஜூலையில் 12 தலித்துகள் கொல்லப்பட்ட விழுப்புரத்தில் அமர்ந்து மீண்டும் படிப்பவர், சாட்சிக் கூண்டுக்கு வெளியே டாம் ஏறத்தாழப் பேசுவதே இல்லை என்பதையும், அவர் உடலில் 17 குண்டுகள் பாய்ந்த செய்தி பிறர் வாய்வழியே வந்து போவதையும் கவனிக்கிறார். வழக்கறிஞரின் நல்ல குணம் குறைந்துவிடவில்லை; அது போதாது என்பது தெரிந்துவிடுகிறது. நாவலின் வசீகரம் குழந்தையின் குரலில் இருக்கிறது. அந்தக் குரலுக்கு எட்டாத வீடுகள் இன்னும் எழுதப்படாமல் இருக்கின்றன.

புழுதியில் தொடங்கும் ஸ்டைன்பெக்கின் நாவல் வெள்ளத்தில் முடிகிறது. அந்த முடிவை மிகையானது என்று குறை சொன்ன விமர்சகர்கள் உண்டு. 2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயலின்போது மயிலத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 50 செ.மீ. மழை கொட்டி, தென்பெண்ணை பெருகி, அரசூரில் நெடுஞ்சாலையே நீருக்குள் போனதைக் கண்டவருக்கு அது மிகையாகத் தெரிவதில்லை. வெள்ளத்துக்குத் தப்பி ஜோடு குடும்பம் ஏறும் தானியக் கொட்டகையில் ஏற்கெனவே ஒரு சிறுவனும், கிடைத்ததையெல்லாம் அவனுக்கே கொடுத்துவிட்டு ஆறு நாள் பட்டினி கிடக்கும் அவன் தந்தையும் இருக்கின்றனர். குழந்தையைப் பிறப்பிலேயே இழந்த ஜோடு வீட்டு மகள் அந்த மனிதருக்குப் பாலூட்டுவது இளம் வாசகரைக் கூசச்செய்யும். வகுப்பில் அவசரமாகக் கடந்துபோகவும் செய்யும். அதற்குச் சற்று முன்பு, நனைந்து நடுங்கும் அந்த மகள் போர்த்திக்கொள்வதற்காக, அந்தச் சிறுவன் தங்களிடமிருந்த ஒரே அழுக்குப் போர்வையை எடுத்துத் தாயிடம் நீட்டுகிறான்.