கையேட்டு மென்பொருள் நின்றுபோனால்: பதறாமல் செய்ய வேண்டியவை

(சேவை மையக் கையேடுகளைத் தயாரித்துப் பராமரிக்கும் பணியாளர்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



எந்தச் சான்றுக்கு என்னென்ன ஆவணம், எவ்வளவு கட்டணம், யாருடைய ஒப்புதல் என்று சேவை மையத்தில் இருப்பவர் பார்த்துச் சொல்வது நீங்கள் வெளியிடும் கையேட்டைத்தான். அந்தக் கையேட்டை உருவாக்கும் மென்பொருள் ஒருநாள் திடீரென்று நின்றுபோனால் என்ன செய்வது? இன்று அதைத்தான் பேசப் போகிறேன். எனக்கு நடந்ததிலிருந்தே தொடங்குகிறேன்.

நாங்கள் பயன்படுத்தியது ஸ்பிங்க்ஸ் என்ற திறந்த மூல மென்பொருள். பைத்தான் மொழியின் ஆவணங்களுக்காக கியோர்க் பிராண்டல் உருவாக்கி 2008-இல் வெளியிட்டது. சாதாரண எழுத்துக் கோப்புகளில் நாம் எழுதுவதை அது இணையப் பக்கங்களாகவும் பிடிஎஃப் ஆகவும் மாற்றித் தரும். காசு கிடையாது. நல்ல மென்பொருள். இன்றைக்கும் அதைத்தான் பயன்படுத்துகிறேன்.

2022-இல் ஒரு உதவித்தொகை விண்ணப்பத்துக்கு இனி ஒரு குறிப்பிட்ட சான்று வேண்டாம் என்று திருத்தம் வந்தது. கையேட்டில் மாற்றி, சர்வரில் ஏற்றிவிட்டு வீட்டுக்குப் போய்விட்டேன். இரவில் தானாக ஓடிப் பக்கம் புதுப்பிக்கப்படும் என்பது ஏற்பாடு. அன்றைக்கு அது பாதியில் நின்றுவிட்டது. பழைய பக்கம் அப்படியே இருந்தது. ஒன்பது நாள் யாருக்கும் தெரியவில்லை.

எப்படித் தெரிந்தது தெரியுமா? ஒரு மையத்திலிருந்து போன் வந்தது. "சார், ஒரு அம்மா இரண்டாவது தடவை வந்திருக்காங்க. அந்தச் சான்று இல்லாம வாங்க மாட்டேன்னு போன வாரம் நான்தான் திருப்பி அனுப்பினேன். வேற மையத்துல வேண்டாம்னு சொல்றாங்களாம். கையேட்டுல இன்னும் வேணும்னுதானே இருக்கு?" என்றார். அந்த அம்மாவுக்கு ஒருநாள் கூலி போனது. பஸ் காசு போனது. அவருக்குத் தேவையே இல்லாத ஒரு காகிதத்துக்காக. தவறு அந்த ஆபரேட்டருடையது அல்ல, என்னுடையது.

கடைசி வரியிலிருந்து படியுங்கள்

போனை வைத்ததும் நான் செய்த முதல் தவறு, நான் எழுதிய திருத்தத்தையே திரும்பத் திரும்பப் பார்த்தது. ஒரு எழுத்துகூடத் தவறில்லை. இரண்டு மணி நேரம் வீண்.

நீங்கள் அப்படிச் செய்யாதீர்கள். எதையும் மாற்றுவதற்கு முன் பிழைச் செய்தியை எடுத்துச் சேமியுங்கள். ஸ்பிங்க்ஸ் நின்றுபோகும்போது முழு விவரத்தையும் ஒரு தற்காலிகக் கோப்பில் எழுதி வைத்து, அது எங்கே இருக்கிறது என்றும் சொல்லிவிடும். கட்டளையோடு ஆங்கிலப் பெரிய எழுத்து 'டி' விருப்பத்தைச் சேர்த்து ஓட்டினால் முழுத் தடமும் திரையிலேயே வரும். ஐம்பது அறுபது வரி இருக்கும், பயப்பட வேண்டாம். கடைசி வரியை முதலில் படியுங்கள். என்ன பிழை என்பது அதில் இருக்கும். அதற்கு மேலே உள்ள வரிகளில், எந்தக் கோப்பில், எந்த இடத்தில் என்பது இருக்கும்.

எனக்கு வந்த கடைசி வரி என் கையேட்டைப் பற்றியதே அல்ல. ஜின்ஜா என்ற மென்பொருளிலிருந்து ஒரு செயற்கூறை எடுக்க முடியவில்லை என்றது. ஸ்பிங்க்ஸ் தனியாக வேலை செய்வதில்லை. பக்கத்தின் தலைப்பையும் ஓரப் பட்டியலையும் அடுக்க ஜின்ஜாவை நம்பியிருக்கிறது. 2022 மார்ச்சில் ஜின்ஜாவின் 3.1 பதிப்பு வந்தது. அதில் பழைய செயற்கூறுகள் சிலவற்றை நீக்கிவிட்டார்கள். நீக்கப் போகிறோம் என்று 3.0 பதிப்பிலேயே சொல்லியும் இருந்தார்கள். நாங்கள் படிக்கவில்லை. எங்கள் ஸ்பிங்க்ஸ் பழைய பதிப்பு. சர்வரோ ஒவ்வொரு இரவும் புதிதாக நிறுவிக்கொள்ளும்போது கிடைத்ததிலேயே புதிய ஜின்ஜாவை எடுத்துக்கொண்டது. இரண்டும் ஒத்துப்போகவில்லை.

தீர்வு ஒரே வரிதான். ஜின்ஜா 3.1-க்குக் கீழேதான் வேண்டும் என்று தேவைப் பட்டியல் கோப்பில் எழுதினேன், ஓடிவிட்டது. பிறகு நிதானமாக ஸ்பிங்க்ஸையே புதிய பதிப்புக்கு மாற்றினோம். 4.0.2 முதல் இந்தச் சிக்கல் இல்லை.

ஆகவே, "நேற்று ஓடியது, இன்று ஓடவில்லை, நான் எதையும் மாற்றவில்லை" என்றால், உங்களுக்குத் தெரியாமல் வேறு ஏதோ மாறியிருக்கிறது என்று பொருள். நீங்கள் நம்பியிருக்கும் ஒவ்வொரு மென்பொருளின் பதிப்பு எண்ணையும் எழுதிப் பூட்டி வையுங்கள்.

அடிக்கடி வரும் மற்ற காரணங்கள்

பிடிஎஃப் மட்டும் வரவில்லை, இணையப் பக்கம் சரியாக வருகிறது என்றால், பெரும்பாலும் நம் தமிழ் எழுத்துதான் காரணம். பிடிஎஃப் தயாரிக்க ஸ்பிங்க்ஸ் லேடெக் என்ற அச்சுக்கோப்பு மென்பொருளிடம் வேலையைக் கொடுக்கிறது. வழக்கமாக அது அழைக்கும் பிடிஎஃப்-லேடெக்குக்குத் தமிழ் எழுத்து தெரியாது. முதல் தமிழ் எழுத்திலேயே தகராறு செய்யும். அமைப்புக் கோப்பில் ஸீ-லேடெக் என்று மாற்றி, நோட்டோ சான்ஸ் தமிழ் போன்ற ஒருங்குறி எழுத்துருவைச் சர்வரிலும் நிறுவ வேண்டும். உங்கள் மேசைக் கணினியில் எழுத்துரு இருந்தால் போதாது. எழுத்துருவை அமைக்கும் இடத்தில் தமிழ் எழுத்துமுறை என்றும் குறிப்பிடுங்கள். இல்லாவிட்டால் கொம்பும் காலும் இடம் மாறி நிற்கும்.

வெறுமனே 'கொல்லப்பட்டது' என்றோ 137 என்ற எண்ணோ வந்தால், அது நினைவகம் போதாமல் இயங்குதளமே நிறுத்தியதாக இருக்கலாம். சிறிய சர்வரில் ஒரே நேரத்தில் பல வேலையாக ஓட்டாமல் ஒன்றொன்றாக ஓட்டிப் பாருங்கள்.

எதுவுமே பிடிபடவில்லையா? முந்தைய ஓட்டத்தின் மிச்சக் கோப்புகளை அழித்துவிட்டுப் புதிதாக ஓட்டுங்கள். அப்போதும் நின்றால் கோப்புகளில் பாதியை விலக்கி வைத்து ஓட்டுங்கள். ஓடினால் கோளாறு விலக்கிய பாதியில், ஓடாவிட்டால் இந்தப் பாதியில். நூறு கோப்பு இருந்தாலும் ஏழு முறைக்குள் ஒரே கோப்பில் வந்து நிற்பீர்கள்.

நிற்காமல் போவது இன்னும் ஆபத்து

ஒன்று கவனியுங்கள். மென்பொருள் நின்றுபோவதாவது தெரிந்துவிடும். சில கோளாறுகளில் அது நிற்காமலே ஓடிவிடும். பழைய நோட்பேடில் 'யூனிகோட்' என்று தேர்ந்தெடுத்துச் சேமித்தால் அது யுடிஎஃப்-16. ஸ்பிங்க்ஸ் எதிர்பார்ப்பது யுடிஎஃப்-8. பழைய தமிழ் எழுத்துருக் குறியாக்கத்தில் இருக்கும் கோப்புகளும் அப்படித்தான். நான் பயன்படுத்திய பதிப்பு, படிக்க முடியாத எழுத்துகளுக்குக் கேள்விக்குறி போட்டுவிட்டு ஒரு எச்சரிக்கையோடு மேலே போய்விட்டது. கட்டண விவரம் இருக்க வேண்டிய இடத்தில் கேள்விக்குறி வெளியானால் மக்களுக்கு யார் பதில் சொல்வது? அதனால் எச்சரிக்கைகளையும் பிழையாகக் கருதும் விருப்பத்தைப் போட்டு வையுங்கள்.

கோளாறு மென்பொருளிலேயே இருக்கிறது என்று உறுதியானால், அதை உருவாக்குபவர்களுக்கு எழுதுங்கள். திறந்த மூலம் என்பதன் பொருளே அதுதான். பதிப்பு எண்கள், முழுப் பிழைச் செய்தி, கோளாறு தெரியும் சின்ன மாதிரிக் கோப்பு, இவை மூன்றும் போதும். ஆனால் மாதிரிக் கோப்பில் உண்மையான விண்ணப்பதாரரின் பெயரோ, ஆதார் எண்ணோ, கைப்பேசி எண்ணோ ஒருக்காலும் இருக்கக் கூடாது. பிழைச் செய்தியையும் ஒருமுறை முழுதாகப் படித்துவிட்டு அனுப்புங்கள். உலகமே பார்க்கும் இடம் அது.

இன்றே செய்யக்கூடியவை

அந்த ஒன்பது நாளுக்குப் பிறகு நாங்கள் மூன்று மாற்றம் செய்தோம். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் கடைசியாகப் புதுப்பித்த தேதி வருகிறது. இரவு ஓட்டம் நின்றால் இருவருக்குக் குறுஞ்செய்தி போகிறது. ஒருவர் விடுப்பில் இருந்தாலும் இன்னொருவர் பார்ப்பார். திருத்தம் ஏற்றியவர், மறுநாள் காலை அந்தப் பக்கத்தைத் தன் கைப்பேசியில் திறந்து, மாற்றம் வந்திருக்கிறதா என்று கண்ணால் பார்த்த பிறகே வேலை முடிந்ததாகக் குறிக்கிறார்.

இதில் மூன்றாவதற்குச் செலவே இல்லை. ஒரு நிமிட வேலை. அந்த ஒரு நிமிடத்தை நான் அன்றைக்கே செலவழித்திருந்தால் அந்த அம்மா இரண்டாவது முறை பஸ் ஏறியிருக்க வேண்டியதில்லை. நீங்கள் அலுவலகம் திரும்பியதும், கடைசியாக நீங்கள் செய்த திருத்தம் பக்கத்தில் வந்திருக்கிறதா என்று ஒருமுறை திறந்து பாருங்கள்.